இரண்டு மூலப் பிரதிகள்

அச்சகக்காரர் நான்காவது முறையாகக் கூப்பிட்டபோது, அவள் ஒரு பழைய போர்நிறுத்த உடன்படிக்கைக்கு அட்டவணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், தேதி ரெடி, மண்டபம் ரெடி, உங்க ரெண்டு பேர் பேரும் ரெடி. பெத்தவங்க பேரு மட்டும்தான் மூணு வாரமா இழுக்குது. சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க. திங்கள்லேர்ந்து பள்ளிக்கூட நோட்டு வேலை வருது. அது உள்ள வந்துட்டா ரெண்டு மாசத்துக்கு மிஷினை வேற எதுக்கும் தர முடியாது."

"சனிக்கிழமை கண்டிப்பா சொல்லிடறேன்."

"இதையேதான் போன சனிக்கிழமையும் சொன்னீங்க."

இரு வீட்டாரும் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அந்த அச்சகம்தான். அதையும் மாற்றலாம் என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை. கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது.

"என்னவாம்?" என்று எதிர் மேஜையிலிருந்து கையுறை கேட்டான்.

அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். பழைய சட்ட ஆவணங்கள், தூதர்களின் கடிதங்கள், நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைக்கிற நூலகம் அது. நாலாவது மாடி, ஆறு பேர், ஒரு வாசகர்கூடப் படியேறி வந்ததில்லை. அவன் படமெடுக்கிறவன். நாள் முழுக்க வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருப்பான், சில நாள் கழற்ற மறந்து பஸ் ஏறிவிடுவான். அவன் எடுத்த படங்களுக்குப் பெயரும் தேதியும் விவரமும் எழுதி அடுக்குவது அவள் வேலை. ஆகவே அவள் 'அட்டவணை'. நாலு வருடம் ஒருவர் எடுத்ததை ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்ததில், ஒருநாள் இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மற்ற நால்வருக்கும் அது முன்னாலேயே புரிந்திருந்தது.

"சனிக்கிழமை கடைசியாம்," என்றாள்.

அவன் கையுறையை விரல் விரலாகக் கழற்றினான். "எங்கம்மா நேத்து, 'ஒண்ணும் அவசரமில்லடா, வேணும்னா தள்ளிப் போட்டுக்கலாம்'னாங்க."

அவள் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தூதர்களின் கடிதக் கட்டுகளில் 'பேச்சுவார்த்தை தள்ளிவைக்கப்படுகிறது' என்று ஒரு கடிதம் வந்தால், பெரும்பாலும் அதற்குப் பிறகு அந்தக் கட்டில் வேறு கடிதம் இருக்காது.

சண்டை பெரியதில்லை, அதனாலேயே தீரவில்லை. அவள் அப்பா முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதியது அவர்தான். முதலில் தன் பெயர், பதவி, அவர் மகள். அடுத்து 'மறைந்த இன்னார் அவர்களின் மகன்'. அந்தத் தாள் கையுறையின் அம்மாவிடம் போய், துணியில் கோடு போடும் நீலப் பென்சிலால் குறிபட்டுத் திரும்பி வந்தது. கீழே இருந்த தன் மகனின் வரியிலிருந்து மேலே ஒரு அம்பு. அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அப்பா அம்பைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணு வீட்டுக்காரன் அழைக்கற பத்திரிகை. என் பேரு ரெண்டாவது வந்ததா எந்த முன்னுதாரணமும் கிடையாது," என்றார். தாள் மறுபடி போனது. மறுபடி வந்தது. அம்பு தடித்துக்கொண்டே போனது.

வியாழக்கிழமை காலை, பொறுப்பாளர் ஒரு மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். அவர் எதையாவது காகிதத்தில் கொண்டுவந்தால் செய்தி நல்லதில்லை என்று பொருள்.

"படி. பதறாம படி."

நதிச் சட்டத்தில் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞர் எழுதியிருந்தார். 'தங்கள் நூலகத்தில் மேல்கரை அரசும் கீழ்க்கரை அரசும் செய்துகொண்ட ஆற்று ஒப்பந்தம் இரண்டு பிரதிகள் இருந்தன. இப்போது ஒன்றைக் காணோம். "இரட்டைப் பதிவு, பெயர்கள் இடம் மாறியுள்ளன, நகலெடுத்தவரின் கவனக்குறைவு, நீக்கப்பட்டது" என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. ஐயா, அல்லது அம்மா, அது நகலும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. ஒவ்வொரு நாடும் தான் வைத்துக்கொள்ளும் பிரதியில் தன் பெயரை முன்னால் எழுதித் தன் கையெழுத்தை முதலில் இடும். யார் பெரியவர் என்ற சண்டை வராமல் இருக்க ராஜதந்திரிகள் கண்டுபிடித்த வழி அது. நீங்கள் ஒரு நாட்டின் பிரதியை வைத்துக்கொண்டு, மறு நாட்டின் பிரதியைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். முன்பெல்லாம் இதற்குப் படை அனுப்புவார்கள். நான் மின்னஞ்சல் அனுப்புகிறேன்.'

அவள் காது சூடானது. அந்தக் குறிப்பு அவள் எழுதியது. போன மாதம் கணினி ஒரு பட்டியல் கொடுத்தது, ஒரே மாதிரி இருக்கும் ஆவணங்கள் என்று. ஒரே வாரத்தில் நாற்பத்தொன்றைக் களைந்தாள். பொறுப்பாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"நாற்பத்தொண்ணு மேடம்," என்றாள் மெல்ல.

"தெரியும். டீ வாங்கிக் கொடுத்தது நான்தானே." பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "ஒப்புதல் கையெழுத்தும் நான்தான். படமெல்லாம் இருக்கா, அழிஞ்சு போச்சா?"

"இருக்கு," என்றான் கையுறை. "நான் எதையும் தூக்கிப் போடறதில்ல. எங்கம்மா விரல் நீளத் துணியைக்கூட எடுத்து வெப்பாங்க. அந்த வளர்ப்பு."

வியாழன் முழுக்கவும் வெள்ளி பாதியும் அந்த நாற்பத்தொன்றை மறுபடி எடுத்து ஒப்பிட்டார்கள். ஒருவர் ஒரு பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் மறு பிரதியில் வரி வரியாக விரல் வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். அவன் வாசித்தான், அவள் பார்த்தாள். எல்லை ஒப்பந்தம், சுங்க ஒப்பந்தம், கலங்கரை விளக்கத்துக்கு எண்ணெய் யார் ஊற்றுவது என்று ஓர் ஒப்பந்தம். சிலது உண்மையாகவே இரட்டைகள். இருபத்தாறு அப்படியில்லை. பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகளும் அதேபோல இடம் மாறியிருந்தன. மற்றபடி ஒரு கால்புள்ளிகூட வேறில்லை.

பத்தொன்பதாவதை முடித்துவிட்டு அவன் தண்ணீர் குடித்தான். "இந்த ரெண்டு நாட்டுக்காரங்களும் பதினோரு வருஷம் அடிச்சுக்கிட்டவங்க. அவங்களுக்கே இது போதுமா இருந்திருக்கு பாரு."

அவள் அவனையே பார்த்தாள்.

"என்ன? மூஞ்சில மை இருக்கா?"

"பத்திரிகை," என்றாள்.

அவன் பாட்டிலை மூட மறந்துபோய் நின்றான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பா சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்து, யோசனையைச் சொன்னாள். ரெண்டு விதமா அடிப்போம். நம்ம ஆட்களுக்குப் போகிற பத்திரிகையில் நம் வீடு முதலில், அவர்கள் ஆட்களுக்குப் போவதில் அவர்கள் வீடு முதலில்.

அவள் எதிர்பார்த்த கேள்வியையே அப்பா கேட்டார். "முன்னுதாரணம் இருக்கா?"

"பெத்த பொண்ணுக்குப் பேரு வைக்கறப்பவே முன்னுதாரணம் கேட்ட மனுஷன்," என்றாள் அம்மா பட்டாணியிடம்.

"இருபத்தாறு இருக்குப்பா."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆற்று ஒப்பந்தத்தின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பெரிதாக்கச் சொன்னார். முத்திரையைப் பார்த்தார்.

"இதுல எது மூலம், எது நகல்?"

"ரெண்டும் மூலம்."

"அதெப்படி ரெண்டும் மூலமா இருக்கும்? என் கோர்ட்ல இப்படிச் சொல்லியிருந்தா உன்னை வெளியில உட்கார வெச்சிருப்பேன்."

"கடைசி வரியைப் படிங்க."

படித்தார். 'இரு பிரதிகளாக எழுதப்பட்டு, இரண்டும் சம வலுவுடையன என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.' வாய்க்குள்ளேயே இன்னொரு தரம் படித்தார்.

"சரி. நம்ம ஆளுங்க கையில இருக்கறதுல நாம முதல்ல."

"ஆமா."

"அவங்க ஆளுங்க கையில இருக்கறது என் கண்ணுல பட வேண்டியதில்ல."

"பட்டா கண்ணை மூடிக்குங்க," என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "ஆனா ரெண்டையும் நானே ஒப்பிட்டுப் பார்ப்பேன். பார்க்காம எதையும் ஓட விட மாட்டேன்." ஏறக்குறைய சிரித்த மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை காலை தையல் கடைக்குப் போனாள். கையுறையின் அம்மா ஒரு சட்டையின் தோளைப் பொம்மையில் பொருத்திக்கொண்டிருந்தார். வாயில் நாலைந்து குண்டூசி. தலையால் உட்காரச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, ஊசி எல்லாம் வாயிலிருந்து தோளுக்குப் போயிருந்தது.

"நல்ல யோசனைதான்," என்றார். "படிச்ச பொண்ணு யோசனை. ஆனா நான் அனுப்பின தாள்ல ரெண்டு குறி போட்டிருந்தேன். அம்பை எல்லாரும் பார்த்தீங்க."

கேள்விக்குறி. அவளுக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுதும்போது பென்சில் தவறிப் பட்டது என்று நினைத்திருந்தாள்.

"'மறைந்த இன்னாரின் மகன்'னு போட்டிருக்கார் உங்கப்பா. அவர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆச்சு. நல்ல மனுஷன், அவர் பேரு இருக்கட்டும், இருக்கணும். ஆனா இந்தப் பத்தொன்பது வருஷமும் இந்தப் பெடலை மிதிச்சது யாரு? அவனுக்கு அம்மான்னு ஒருத்தி இருக்கறதாவே அந்தத் தாள்ல தெரியலையே."

"அத்தை..."

"முதல்ல போடணும்னு நான் எதுக்குக் கேட்டேன் தெரியுமா? கடைசியில கூட இல்லாதவ, கேக்கறதுதான் கேக்கறோம், முதல் இடத்தையே கேப்போம்னுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பொம்மையின் தோளை மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தார்.

"உங்க பிரதில உங்க பேரைப் போட்டுடலாம் அத்தை."

"என் பிரதில நான் போட்டுக்க மாட்டேனா? உங்கப்பா பிரதில நான் இருக்கேனா? அதைச் சொல்லு."

அவள் அந்த இருபத்தாறையும் நினைத்துப் பார்த்தாள். "வரிசைதான் மாறலாம் அத்தை. வாசகம் மாறக் கூடாது. ரெண்டு பிரதியிலயும் வாசகம் வேறவேறயா இருந்தா அது ஒப்பந்தமே இல்ல."

"அப்ப இதைப் போய் உங்கப்பாகிட்ட சொல்லு."

அவளுக்குச் சொல்ல ஆசைதான். வீட்டுக்குப் போய், அப்பா தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்து, பக்குவமாகச் சொல்லி, தாளைச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிடலாம். மூன்று வாரமாக அவளும் கையுறையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இரு பக்கமும் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே தவிர, பெரியவர்கள் இருவரையும் ஒரே இடத்தில் நிற்க வைக்கவில்லை. இரண்டு பிரதி ஒத்துப்போகாவிட்டால் அட்டவணைக்காரி தானாக ஒன்றைச் சரிசெய்யக் கூடாது, இரண்டையும் மேஜையில் வைக்க வேண்டும். அந்தப் பாடம் அவளுக்கு வியாழக்கிழமைதான் கிடைத்திருந்தது.

"நீங்களே சொல்லுங்க அத்தை. சாயந்திரம் அஞ்சு மணிக்கு அச்சகத்துக்கு வாங்க. உங்க வாசகத்தை இப்ப எழுதிக் கொடுங்க. அப்பா வாசகம் அப்பா எழுதினபடியே இருக்கட்டும். ரெண்டையும் அடிச்சு வெக்கச் சொல்றேன்."

 அவர் நீலப் பென்சிலை எடுத்தார்.

வெளியே வந்து கையுறையைக் கூப்பிட்டுச் சொன்னாள். 

"இருக்கியா?"

"இருக்கேன். ரெண்டு பேரையும் ஒரே அறையிலயா? உனக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அஞ்சு மணிக்கு. அப்புறம், கையுறையைக் கழட்டிட்டு வா."

அச்சகத்தில் மை வாசனையும் காகிதச் சூடும் இருந்தது. அச்சகக்காரர் இரண்டு சரிபார்ப்புத் தாள்களை மேஜையின் இரண்டு பக்கத்திலும் வைத்துவிட்டு, "நான் மிஷின் பக்கம் இருக்கேன்," என்று நழுவினார். மேஜைக்கு ஒரு பக்கம் அப்பா, சட்டைப் பையில் பேனாவோடு. எதிர்ப்பக்கம் கையுறையின் அம்மா. கடையிலிருந்து நேராக வந்ததில் அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. அம்மா ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளும் கையுறையும் நின்றார்கள்.

"நான் வாசிக்கறேன். நீங்க உங்க தாள்ல பாருங்கம்மா," என்றார் அப்பா. நீதிமன்றத்துக் குரல்.

தேதி சரியாக இருந்தது. நேரம் சரி. மண்டபத்து முகவரி சரி. அவர் பெயர், பதவி, மகள். "எங்க தாள்ல இது கீழ இருக்கு சார். சரியா இருக்கு," என்றார் கையுறையின் அம்மா. அப்பா தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"'மறைந்த'... உங்க வீட்டுக்காரர் பேரு... 'அவர்களின் மகன்'."

"எங்க தாள்ல அப்படி இல்ல சார்."

அப்பா நிமிர்ந்தார். "பின்ன எப்படி இருக்கு?"

"படிக்கட்டுமா?"

"படிங்க."

கையுறையின் அம்மா தாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். மறைந்த கணவரின் பெயரைத் தெளிவாகப் படித்தார். "'அவர்களும், தையற்கடை நடத்திவரும்'..." என்று தன் பெயரையும் படித்தார். அந்த ஒரு சொல் மட்டும் குரல் தணிந்து வந்தது, சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லாத சொல் போல. "'...அவர்களும் பெற்று வளர்த்த மகன்.'"

உள்ளே இயந்திரம் எதையோ அடித்து அடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. கையுறை அவள் கையைப் பிடித்தான். 

"ரெண்டு பிரதியும் ஒத்துப்போகல," என்றார் அப்பா.



அப்பா தன் தாளைக் கீழே வைத்தார். எதிர்த் தாளை வாங்கி ஒரு முறை, தன் தாளை ஒரு முறை என்று மாறி மாறிப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். ஒரு கட்டுல சம்பந்தப்பட்ட ஒருத்தர் பேரு விட்டுப்போயிருந்தா, அந்தக் கட்டை உள்ளயே விட மாட்டேன். திருப்பி அனுப்புவேன். எழுதினவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதினவன் நான்."

பேனாவை எடுத்தார். தன் பிரதியில், தன் கையெழுத்தில், அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"'தையற்கடை'ன்னு போட்டாப் போதுமா, கடை பேரும் வரணுமா?"

 கையுறையின் அம்மா அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினார். "கடை பேரு வேணாம் அண்ணே. விளம்பரம் மாதிரி ஆயிடும்."

அண்ணே என்றதைக் கவனித்தவள் அம்மா மட்டும்தான். காகிதக் கட்டிலிருந்து எழுந்து வந்தாள். "பேனா மூடாதீங்க. அப்படியே உங்க பேருக்குப் பக்கத்துல என் பேரையும் எழுதுங்க. 'மகள்'னு போட்டிருக்கு, ஆனா நீங்க ஒருத்தரே பெத்தெடுத்த மாதிரி இருக்கு."

"உன் பேரு இல்லையா அதுல?"

"நீங்க ஒப்பிட்ட லட்சணம்!"

கையுறையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அக்கா பேரை எங்க தாள்லயும் போடணும். வாசகம் மாறக் கூடாதாம், உங்க பொண்ணு சொல்லியிருக்கா."

அப்பா இரண்டு தாளிலும் எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசிக்க, எதிர்ப்பக்கத்தில் வரி வரியாக விரல் நகர்ந்தது. இந்த முறை எங்கேயும் நிற்கவில்லை. இரண்டு தாளின் அடியிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தன் பிரதியில் அப்பா முதலில், இடது பக்கம். அடுத்த பிரதி வந்ததும் பேனாவை இடது பக்கம் கொண்டுபோனவர், ஒரு கணம் யோசித்து, வலது பக்கம் தள்ளிப் போட்டார்.

"ஆச்சா சார்? ஓட்டலாமா?" என்று அச்சகக்காரர் தலையை நீட்டினார்.

"ஓட்டுங்க."

"நம்ம ஆபீஸ் ஆளுங்களுக்கு எதைக் கொடுக்கறது?" என்று கையுறை அவள் காதோரம் கேட்டான்.

"ரெண்டையும். ஒண்ணை மட்டும் கொடுத்தா பொறுப்பாளர் காகிதத்தோட வந்து நிப்பாங்க."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பா கையுறையின் அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, அடிச்சு முடிச்சதும் உங்க பிரதி ஒண்ணு எனக்குக் கொடுத்தனுப்புங்க."

"உங்க கண்ணுல பட வேண்டியதில்லன்னு சொன்னீங்களாமே?"

அப்பா மகளை ஒரு பார்வை பார்த்தார். மகள் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கோப்புக்கு," என்றார் அப்பா. "எதிர்த்தரப்புப் பிரதி இல்லாம கோப்பு முழுசாகாது."

"எதிர்த்தரப்பா?"

"சரி. சம்பந்தி தரப்பு."

"ரெண்டா அனுப்பறேன் அண்ணே," என்றார் கையுறையின் அம்மா, கழுத்திலிருந்த நாடாவைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே. "ஒண்ணு கோப்புக்கு. இன்னொண்ணு, உங்களுக்குத் திருத்தணும்னு கை அரிச்சா."